கதவுக்குள் தொலைந்த தவில்

தலையை இடப்பக்கக் கதவோடு சாய்த்தால் தவில் கேட்டது. வலப்பக்கக் கதவுக்கு நகர்ந்தால் அங்கேயும் கேட்டது. இரண்டுக்கும் நடுவில், மனிதர் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தால் தவில் இல்லை.

நாதஸ்வரம் இருந்தது. தாளம் இருந்தது. தேருக்குப் பின்னால் பிள்ளைகள் கத்துவதுகூடத் தெளிவாகக் கேட்டது. தவிலை மட்டும் யாரோ துடைத்து எடுத்திருந்தார்கள்.

கார்த்திகை மாதத்து மங்கலான மத்தியானம். ஜெர்மன் நகரமான பீலெஃபெல்டில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் கராஜ்களில் ஒன்று என்னுடையது. அதன் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, பேரப்பிள்ளை காணும் வயதில் இருக்கிற நான், காருக்குள் பல்லி மாதிரி இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் ஊர்ந்துகொண்டிருந்தேன். குப்பை போட வந்த கீழ்வீட்டு ஜெர்மன்காரி குனிந்து பார்த்து, உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டாள். மேளத்தைத் தேடுகிறேன் என்று சொல்லுமளவுக்கு எனக்கு டொச் மொழி வரும். சொன்னால் அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவாள் என்று சிரித்து அனுப்பிவைத்தேன்.

அதுவரை எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு, சத்தத்தை இடமும் வலமும் நகர்த்தும் பொத்தானைத் திருப்பிப் பார்த்தேன். முழுக்க இடப்பக்கம் விட்டேன், தவில் வந்தது. முழுக்க வலப்பக்கம் விட்டேன், வந்தது. நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலித்த உடனே தவில் போய்விட்டது.



வயிற்றுக்குப் பிடித்த வாத்தியம்

எப்போது பார்த்தாலும் சத்தத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள் என்று போன கிழமை இந்தப் பத்தியின் வாசகி ஒருவர் குறைப்பட்டிருந்தார். நியாயம்தான். எனக்கு மூக்கும் கண்ணும் சுமார். காது மட்டும் பேராசை பிடித்தது. அதிலும் அடிச்சத்தம் என்றால் விடமாட்டேன். கோவிலில் எல்லோரும் சுவாமியைப் பார்க்க முண்டியடிக்கும்போது நான் தவில்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். தவிலைக் காதால் கேட்பது பாதிதான். மீதியை வயிறு கேட்கும்.

அண்ணாவும் நானும் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது எனக்குப் பதின்வயது. அங்கே எனக்கு இன்றைக்கும் நினைவிருப்பது குளிரும் இல்லை, சீருடைக்காரரும் இல்லை. தரைக்கு அடியிலிருந்து வந்த ஓர் உறுமல். ரயிலாக இருக்கலாம். உள்ளங்காலால் ஏறி நெஞ்சில் வந்து நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது. ஊரில் சண்டை பெரிதாகும் முன்பே நாட்டைவிட்டு வந்தவளுக்குத்தான் அந்தச் சத்தம் பிடிக்கும் என்பது வெகுகாலம் எனக்குப் புரியவில்லை.

என் வேலை, வயோதிபர்களின் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, உடுப்பு மாற்றிவிடுவது. நாள் முழுக்க மற்றவர்களுடைய வீட்டில் மற்றவர்களுடைய மெல்லிய குரல்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் கார்தான் எனக்கென்று இருக்கிற அறை. அதில் தவில் அதிரவேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமா?

அண்ணாவின் கார்

கார் அண்ணாவுடையது. இங்கே ஒரு தொழிற்சாலையில் எலெக்ரிஷியனாக இருந்தவர். போன வருடம் ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழும்பவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் மச்சாள் கார்த் திறப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மச்சாள் என்றால் அண்ணாவின் மனைவி, மல்லிகா. கார் ஓட்டத் தெரியாது. ஒரேயொரு நிபந்தனை போட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்திலை வந்து கொஞ்ச நேரம் காருக்குள்ளை இருப்பன். ஓடத் தேவையில்லை. பாட்டைப் போட்டுவிட்டிட்டு நீ இறங்கிப் போ."

துக்க வீட்டில் பாட்டா என்று சனம் கேட்கும். கேட்டால் கேட்கட்டும். அண்ணா சேர்த்து வைத்திருந்த பழைய மெல்லிய பாட்டுகள்தான். நான் போட்டுவிட்டு இறங்குவேன். மச்சாள் வலப்பக்கச் சீற்றில், அவர் எப்போதும் இருக்கிற இடத்தில் இருப்பார். சாரதியின் சீற் காலியாக இருக்கும்.

ஒரு ஞாயிறு, மறந்துவிட்ட கைப்பையை எடுக்கத் திரும்பி வந்தேன். கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது. மச்சாள் காலியான சீற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இல்லை, இப்பவும் சத்தமில்லை."

பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தமில்லையாம். நான் கைப்பையை எடுக்காமலே வீட்டுக்குப் போய்விட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காரை ஓட்டிய நாளிலிருந்து, பாட்டுப் போட்டால் எனக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். பேய் பிசாசு என்று சொல்லவில்லை. காதுக்கு அருகே ஒருவர் தலையைக் கொண்டுவந்து வைத்திருக்கிற மாதிரி ஓர் அழுத்தம். பாட்டை நிறுத்தினால் போய்விடும். துக்கம் மனிதரை இப்படியும் செய்யும் என்று எனக்கு நானே மருந்து சொல்லிக்கொண்டேன்.

ஆட்டை முடிந்த பிறகு

செத்த வீட்டுக்காரருக்கு ஒரு வருடம் கொண்டாட்டமில்லை. ஆட்டைத் திவசம் முடியும்வரை கலியாண வீட்டுக்குப் போவதில்லை, மேளம் கேட்பதில்லை. நான் சாத்திரம் சம்பிரதாயத்தில் பெரிய புலி இல்லை. ஆனாலும் அண்ணாவுக்காக அந்த ஒரு வருடமும் தவிலைத் தொடவில்லை. ஐயர் வந்து ஆட்டையை முடித்துவிட்டுப் போன பிறகுதான், தேர்த் திருவிழாவில் பதிந்த மேளத்தைக் காரில் போட்டேன். துடக்கு, தீட்டு எல்லாம் கழிந்தது, இனி நல்ல சத்தம் கேட்கட்டும் என்று.

தவில் இல்லாத மேளம் வந்தது. பல்லி மாதிரி ஊர்ந்த கதை அன்றைக்குத்தான்.

ரமணன் வந்தான்

அந்த மேளத்தைப் பதிந்தவன் ரமணன். எங்கள் நகரத்துத் தமிழ்க் கலியாணங்களுக்கெல்லாம் சவுண்ட் போடுகிறவன். மண்டபத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கி மணமக்களைச் செவிடாக்குவான். நல்ல பிள்ளை.

"அடிச்சத்தத்துக்கெண்டு சப்வூஃபர் ஒண்டு பின்னாலை வைச்சால் வேலை முடிஞ்சுது அக்கா," என்றான்.

"பின்னாலை எங்கை இடம்? கிழவியளின்ரை நடைவண்டி கிடக்கு, கையுறைப் பெட்டி கிடக்கு, அரிசி மூட்டை கிடக்கு. உன்ரை பெட்டியை என்ரை மடியிலையோ வைக்கிறது?"

"சரி, சரி. கதவைப் பெட்டியாக்குவம்."

கார்க் கதவு என்பது ஓட்டை விழுந்த தகரம் என்று விளக்கினான். ஸ்பீக்கர் முன்னால் தள்ளுகிற காற்றும் பின்னால் இழுக்கிற காற்றும் அந்த ஓட்டைகளால் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடுமாம். ஓட்டைகளை அடைக்க வேண்டும். தகரம் அதிராமல் பாரம் ஒட்டவேண்டும். ஸ்பீக்கரைச் சுற்றி இடைவெளி இல்லாமல் நுரைவளையம் வைக்கவேண்டும். சின்ன ஸ்பீக்கரால் ஏலாத அடிமட்டத்துச் சத்தத்தை மட்டும் வெட்டிவிட்டால், மற்றதைத் திடமாக அடிக்கும்.

வலப்பக்கக் கதவின் உறையைக் கழற்றினான். ஒட்டுகிற கறுப்புத் தகடுகளை என் தலைமயிர் உலர்த்தும் இயந்திரத்தால் சூடாக்கி, உருளையால் அழுத்தி ஒட்டினான். கராஜ் முழுக்கத் தார் மணம். முன்பு தட்டினால் தகர டப்பா மாதிரிக் கத்திய கதவு, இப்போது மரக்கதவு மாதிரி டொக் என்றது. எனக்கு அந்தச் சத்தமே போதுமாக இருந்தது.

பிறகு இடப்பக்கக் கதவு. உறையை இழுத்தவன், வேலையை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, அண்ணை இந்தக் கதவைக் கழட்டியிருக்கிறார்."

ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு வயர்களும் நடுவில் வெட்டப்பட்டு, இதை அதிலும் அதை இதிலுமாக மாற்றி ஒட்டப்பட்டிருந்தன. ஈயம் உருக்கி, மேலே குழாய் போட்டுச் சுருக்கி, நீல நாடா ஒரு சுற்று. அது அண்ணாவின் கை. எங்கள் வீட்டு விளக்கு ஒவ்வொன்றிலும் அந்த ஒரு சுற்று நீல நாடா இருக்கிறது.

"பிழையா மாத்தியிருப்பாரோ?" என்றேன்.

"பிழையா மாத்துற ஆள் இவ்வளவு வடிவா ஒட்டமாட்டார். இது வேணுமெண்டு செய்தது." ஒரு சின்ன பற்றரியை எடுத்து வயரில் தொட்டுக் காட்டினான். வலப்பக்க ஸ்பீக்கர் வெளியே எழும்பியது. இடப்பக்கத்தது உள்ளே போனது. "ஒண்டு காத்தைத் தள்ளேக்கை மற்றது இழுக்குது. ரெண்டும் சரிக்குச் சரி. பேஸ் எண்ட அடிச்சத்தம் செத்துப்போகும். காதுக்குள்ளை ஒரு மாதிரி அமத்துமே, பக்கத்திலை ஆள் இருக்கிற மாதிரி?"

என் கை காதுக்குப் போனது.

"அதுவும் இதாலைதான்," என்றான்.

பெரிய நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அண்ணா ஏன் தன் காரிலேயே தவிலைக் கொன்றார் என்று அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எனக்குத் தவில் வேண்டும். ரமணன் வயரை நேராக்கினான்.

தவில் வந்தது. தொடையில் வந்தது, முதுகில் வந்தது. கராஜின் இரும்புக் கதவு தன்பாட்டில் முணுமுணுத்தது. ரமணன் வலப்பக்கச் சீற்றில் இருந்து தலையாட்டிக்கொண்டிருந்தவன், திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. ஆரோ எழும்பிப் போன மாதிரிக் கிடக்கு."

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் மச்சாள் வந்தார். அவரும் ஒரு வருடமாக மேளம் கேளாதவர். முதல் சத்தம் மங்கலமாக இருக்கட்டும், திறந்த வாய் மூடாமல் இருப்பார் என்று நான் பழைய பாட்டுக்குப் பதிலாக மேளத்தைப் போட்டுவிட்டு, கள்ளச் சிரிப்போடு இறங்கி வெளியே வந்தேன்.

முதலில் நாதஸ்வரம் தனியாக. பிறகு தவில் சேர்ந்தது. கராஜ் கதவு நடுங்கியது.

உள்ளிருந்து வேறொரு சத்தமும் இல்லை. அதுதான் என்னை உள்ளே பார்க்க வைத்தது. சீற்றில் மச்சாள் இல்லை.

காருக்குள் கீழே, கால் வைக்கிற பள்ளத்தில் சுருண்டு கிடந்தார். ஒரு கை தன் தலையை மூடியிருந்தது. மற்றக் கை நீண்டு, காலியாக இருந்த சாரதியின் சீற்றில் எதையோ கீழே அழுத்திப் பிடித்திருந்தது. அந்தக் கைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த விரல்கள் ஒரு தலையைப் பிடித்திருக்கிற மாதிரியே வளைந்திருந்தன.

"குனி," என்றார். "குனி. குனி."

பாட்டை நிறுத்தினேன். அவர் எழும்பி உட்கார வெகுநேரம் எடுத்தது. சேலையைச் சரி செய்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஆர் கதவைத் திறந்தது?"

"நான்தான் மச்சாள். பேஸ் வரேல்லை எண்டு..."

"அவரை எழுப்பி அனுப்பிப்போட்டாய்."

கூட்டிக்கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று பஸ்ஸில் போனார்.

சில்வெஸ்டர் இரவுகள்

மச்சாளின் தங்கச்சி, ஊரில் குண்டுக்கு ஒளிந்திருந்த பங்கருக்குள், மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்தபடியே செத்தவள் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அண்ணா கலியாணப் பேச்சின்போதே சொல்லியிருந்தார். தெரிந்ததை வைத்து நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. கலியாண மண்டபத்தில் மச்சாள் பாதியில் எழும்பிப் போவார், தலையிடி என்பார். பெருமை பிடித்தவள் என்று நான்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஜெர்மன்காரர் வருடம் பிறக்கும் சில்வெஸ்டர் இரவில் ஊரையே வெடியால் அதிரவைப்பார்கள். ஒவ்வொரு சில்வெஸ்டரிலும் அண்ணாவும் மச்சாளும் வீட்டில் இருக்கமாட்டார்கள். விருந்தாளிக்குச் சமைக்கச் சோம்பிப் பஞ்சிப்பட்டு ஓடுகிறார்கள் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். நெடுஞ்சாலையில், வெடி கேட்காத வெளிகளில், அந்தக் காரில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அண்ணா போன பிறகு வந்த சில்வெஸ்டரில் மச்சாள் என்னிடம் கராஜினதும் காரினதும் திறப்புகளை வாங்கிப் போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இப்போது நத்தார் என்கிற கிறிஸ்மஸ் முடிந்து கடைகளில் வெடிப் பெட்டிகள் அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். மச்சாள் ஞாயிறுகளில் வருவதில்லை. போன் எடுத்தால் தலையிடி. சில்வெஸ்டர் இரவில் அவர் எங்கே போய் இருப்பார்? அவருக்கிருந்த ஒரே இடத்தை என் தவில் ஆசையால் உடைத்துவிட்டேனே.

ரமணனைக் கூப்பிட்டேன்.

"நல்லா இருக்கிறதைப் பிழையா மாத்தச் சொல்லுறியளோ?"

"ஓம்."

"பேஸ் போயிடும் அக்கா."

"போகட்டும்."

அவன் வயரை மாற்றினான். நீல நாடாவை நான் சுற்றினேன், ஒரு சுற்று.

டோர்ச் பிடித்தவர்

வருடக் கடைசி நாள், பின்னேரம். இருட்டுவதற்கு முன்பே பெடியள் தெருவில் வெடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மச்சாளை வீட்டில் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் அந்தக் கை என் கைக்குள் துள்ளியது.

உண்மையைச் சொல்லிவிடுவதா, விட்டுவிடுவதா என்று வழி முழுக்க மனம் அலைந்தது. ஆவி என்று நம்பிக்கொண்டிருக்கிறவரிடம் வயர் என்று எப்படிச் சொல்வது? கராஜுக்குள் வந்ததும் வாய் பொறுக்கவில்லை.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. அண்ணா ஒரு வயரை மாத்திப் பூட்டியிருக்கிறார். அதாலைதான் சத்தம் வாறேல்லை. இப்ப திருப்பி அப்பிடியே செய்திருக்கிறம்."

மச்சாள் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதே? டோர்ச் பிடிச்சது ஆர் எண்டு நினைக்கிறாய்?"

வலப்பக்கக் கதவைத் திறந்து சீற்றைக் காட்டினார்.

"நான் இந்தச் சீற்றிலை இருக்க, அவர் ஒவ்வொண்டா மாத்தி மாத்திக் கேப்பார். இப்ப சத்தம் வருதோ மல்லி, இப்ப வருதோ எண்டு. நான் இல்லையெண்டு சொல்லுமட்டும் விடேல்லை. பிறகும் எங்கை போனாலும் அதையேதான் கேப்பார்."

சாரதிப் பக்கக் கதவில் நான் கை வைத்தேன்.

"அங்கை இராதை. பின்னாலை ஏறு."

பின்சீற்றில் ஏறினேன். மச்சாள் தன் இடத்தில் உட்கார்ந்து, பழைய பாட்டைத் தானே போட்டார். மெல்லிய பாட்டு. அடிச்சத்தம் இல்லை. பின்னால் இருந்த எனக்கே காதோரம் அந்த அழுத்தம் தெரிந்தது. வயர்தான், வயர்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போது கராஜுக்கு வெளியே, மிக அருகில், பெரிய வெடி ஒன்று விழுந்தது. இரும்புக் கதவு அலறியது. எனக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்து, முன்சீற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வெளியே விழுகிற வெடியை எந்த வயராலும் நிறுத்த முடியாது. அது எனக்குத் தெரியும்.

மச்சாளின் தோள்கூட அசையவில்லை. காலியான சீற்றின் பக்கம் தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

"இல்லை," என்றார். "சத்தமில்லை."

 ஏதாவது பேசவேண்டும் போலிருந்தது. "மச்சாள், சத்தம் வருதோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திரும்பவில்லை.

"நீயும் ஏன் கேக்கிறாய்? அவர் இப்பத்தானே கேட்டவர்."

நடுச்சாமம் தாண்டும்வரை பின்சீற்றில் இருந்தேன். வெடிகள் விழுந்துகொண்டே இருந்தன. முன்னால் மச்சாள் அவ்வப்போது இல்லை, இல்லை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய குரலில் அப்படி ஒரு நிம்மதியை அண்ணா போன பிறகு நான் கேட்டதில்லை.

புதுவருடத்து முதல் வேலை நாள். விடியக் குளிரில் கராஜைத் திறந்து, சாரதிப் பக்கக் கதவைத் திறந்தேன். உட்காரப் போனவள் அப்படியே நின்றேன்.

"அண்ணா," என்று என் வாய் தன்பாட்டில் சொன்னது, "கொஞ்சம் தள்ளி இரு. வேலைக்குப் போகவேணும்."